மச்சாது அண்ணனின் வலது கை நகங்கள்

நான் பொய் சொல்கிறவள் இல்லை. எங்கள் மேசையில் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஓர் ஆள் இருந்ததால் மற்ற யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் பெயர் லியோன் மச்சாது.

தூத்துக்குடியில் நாங்கள் வேலை பார்க்கிற கம்பெனி, கணவாயைச் சுத்தம் செய்து, கட்டி கட்டியாக உறைய வைத்து, கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. மேசைக்கு எட்டுப் பேர். கணவாயைக் கீறி, உள்ளே பலகை மாதிரி இருக்கும் ஓட்டை எடுத்து, மைப் பை உடையாமல் உருவி, தோலை உரித்துத் தட்டில் அடுக்க வேண்டும். எங்கள் மேசையில் ஏழு பேர் பெண்கள், ஒருத்தர் மச்சாது அண்ணன். அவர் எனக்கு நேர் எதிரே நிற்பார். கை வேலையில் இருந்தாலும் வாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கடலில் தன்னைக் கண்டதும் சுறா வழிவிட்டதில் தொடங்கி, தன் கல்யாணத்துக்கு வந்த மழை ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டுப் போனது வரை நாங்கள் எல்லாம் கேட்டாகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் கம்பெனியே கலங்கிப் போயிருந்தது. உறைந்த கணவாய்க் கட்டி ஒன்றுக்குள் நீலக் கையுறையின் விரல் நுனி ஒன்று கிடந்தது. கட்டியில் இருந்த எண் எங்கள் மேசையுடையது. பழைய கையுறைகள் எல்லாம் முந்தின நாள் குப்பையோடு போய்விட்டன, எனவே யாருடைய கையுறை என்று கண்டுபிடிக்க வழியில்லை. யார் கையால் நடந்தது என்று தெரிகிற வரைக்கும் இந்த மேசைக்கு மீன் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சாயங்காலம் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். எங்களுக்கு வர வேண்டிய கணவாய் ஐஸுக்குள் காத்துக் கிடந்தது.

விசாரிக்க வந்தவர் பெல்சி மேடம். தரம் பார்க்கிற அதிகாரி. நாகர்கோவில் பக்கம், சின்ன வயசு. குரலை உயர்த்த மாட்டார், சிரிக்கவும் மாட்டார். வேலை நேரத்தில் தன் ஊர்த் தமிழை வெளியில் எடுக்கவே மாட்டார்.

"எல்லாரும் கையுறையைக் கழட்டிட்டுக் கையைக் காட்டுங்க" என்றார்.

நாங்கள் ஏழு பேரும் காட்டினோம். தப்பில்லை. நகம் எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தது. மச்சாது அண்ணன் இடது கையை நீட்டினார். அதில் நகம் எங்கள் நகங்களைவிடச் சுத்தமாக, சதையோடு சதையாக வெட்டியிருந்தது.

"அடுத்த கை" என்றார் மேடம்.

மச்சாது அண்ணன் அதே கையை இழுத்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் திருப்பி, புறங்கை தெரிகிற மாதிரி மறுபடி நீட்டினார்.

"இது அதே கை, அண்ணே."

வாசலில் மருந்துத் தண்ணீரில் கை முக்கும் இடத்தில் எட்டு மாதமாக இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார். அங்கே இருக்கும் ஆளுக்கு வருவது கையா என்று பார்க்கத்தான் நேரம் இருக்கும், எந்தக் கை என்று பார்க்க இருக்காது. மேடத்துக்கு நேரம் இருந்தது. வலது கை மெதுவாக முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

ஐந்து விரலிலும் நகம். வெள்ளையாக, பளபளவென்று, விரல் நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. பெருவிரல் நகத்தால் மருந்து அளந்து குடிக்கலாம்.

"ஏ ஆத்தி!" என்றாள் இசக்கியம்மாள். எங்கள் மேசையிலேயே மூத்தவள் அவள்தான். மச்சாது அண்ணன் வாயைத் திறந்தால் மறுத்துப் பேசுகிற வேலையும் அவளுடையது. "என்னடே இது? கழுகுக்குப் பொறந்தவனா நீ?"

"கிட்டார் வாசிக்கதுக்குக்கா" என்றார் அவர். "இந்த ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங் இருக்கு. வீட்டுல எல்லாரும் மணப்பாடு ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறாவ. வீடு சத்தமில்லாம இருக்கும். அன்னைக்கு ஒரு நாள் விட்டா எனக்கு வேற நாள் கிடையாது மேடம்."

பெல்சி மேடம் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. "அண்ணே, எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். இந்த நகம் கையுறையைக் கிழிக்குமா, கிழிக்காதா? கிழிக்காதுன்னா ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்களை அட்டைப்பெட்டி மடிக்கிற பக்கம் மாத்தி விடுறேன். வாசிச்சு முடிச்சிட்டு வெட்டிட்டு வாங்க. கிழிக்கும்னா இப்பவே இங்கேயே வெட்டணும்."

இதைவிட நியாயமாக ஒருத்தர் பேச முடியாது. இசக்கியம்மாள் மச்சாது அண்ணன் பக்கம் சாய்ந்து, "கிழிக்காதுன்னு சொல்லிட்டு வாயை மூடிரு. ஒத்த வார்த்தை" என்றாள்.

"கிழிக்காது மேடம்" என்றார் மச்சாது அண்ணன்.

மேடம் நகவெட்டியைக் கையில் எடுத்தார், பையில் போடுவதற்கு. அந்த இடத்தில் மச்சாது அண்ணன் நிறுத்தியிருக்க வேண்டும். மேசையில் இருந்த ஏழு பேரும் மனசுக்குள் நிறுத்து நிறுத்து என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"ஏன் கிழிக்காதுன்னா மேடம்" என்றார் அவர்.

இசக்கியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இது சும்மா வளந்த நகம் இல்ல. பழக்குன நகம். ஸ்பெயின் தேசத்து வாசிப்பு ஒண்ணு இருக்கு, ஃபிளமென்கோன்னு பேரு. நம்ம கோயில் பாடகர் குழுவுல வாசிக்கது எல்லாம் வேற. அது பிளாஸ்டிக் துண்டை வச்சுச் சொரிஞ்சு விடுதது. இதுல துண்டு கிடையாது. நகந்தான். சுண்டு விரல்ல தொடங்கி ஒவ்வொரு விரலா விசிறி விரிக்க மாதிரி விரிச்சு விட்டா ஆறு கம்பியும் ஒண்ணா அலறும். நடு நடுவுல அதே நகத்தால பலகையில டொக்குன்னு தட்டணும். பன்னெண்டு தட்டு சேந்தா ஒரு சுத்து. ஒரு தட்டு பிசகினாலும் ஸ்பெயின்ல ஆளை ஊரை விட்டுத் தள்ளி வச்சிருவாவ."

"உம்ம யாரு பழக்குனா?" என்று நான் கேட்டேன். நான் கேட்டிருக்கக் கூடாது.

"யாரும் இல்ல தங்கச்சி. போன்ல பாத்துத்தான் படிச்சேன். ஒரு வெள்ளைக்காரன் வீடியோ போடுவான். கொஞ்ச நாள்ல அவன் வாசிக்கதை நிப்பாட்டிட்டு என்னைய உத்துப் பாக்க ஆரம்பிச்சிட்டான்."

"வீடியோவுக்குள்ள இருந்தா?"

"உள்ள இருந்துதான்."

"நெட்டு நின்னிருக்கும்" என்றாள் இசக்கியம்மாள்.

"நெட்டு நின்னா ஒருத்தன் கையெடுத்துக் கும்பிடுவானாக்கா?"

மேடம் நகவெட்டியைப் பையில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "சரி, நகம்?" என்றார்.

"அதைத்தான் சொல்ல வாரேன் மேடம். வேகத்தைச் சொன்னாத்தான் நகம் புரியும். மாசத்துக்கு ஒரு நாள் காலையில இருந்து கரண்டை நிப்பாட்டுவாவல்லா? மே மாசம், மத்தியானம், வீட்டுக்குள்ள இருக்க முடியல. நான் கிட்டாரை எடுத்து ஒரு வேகமான உருப்படியை விட்டேன். விரலை விரிக்க விரிக்க ஒரு காத்து கிளம்பிச்சு பாத்துக்கிடுங்க. முதல்ல காலண்டர் ஆடிச்சு. அப்புறம் மேல இருந்த ஃபேன் தானா சுத்துது. கரண்டு இல்ல, ஃபேன் சுத்துது. பக்கத்து வீட்டுக்காரங்க பாயைத் தூக்கிட்டு வந்து எங்க முன்னறையில படுத்திட்டாவ. தெருவே படுத்திட்டு. ஃபேன் அந்தச் சுத்துச் சுத்துனதுல கரண்டு மீட்டர் பின்னால போயி, கரண்டு ஆபீஸ்காரர் வந்து, 'அண்ணாச்சி, இந்த மாசம் நாங்கதான் உமக்குத் தரணும், கொஞ்சம் மெதுவா வாசிக்கக் கூடாதா'ன்னு கேட்டுட்டுப் போனாரு."

"நான் உன் வீட்டுக்கு அடுத்த வீடுதானடே. எனக்கு ஒரு காத்தும் வரலியே?" என்றாள் இசக்கியம்மாள்.

"நீங்க கிழக்க இருக்கீங்க. அன்னைக்கு நான் மேக்க பாத்து வாசிச்சேன்."

இசக்கியம்மாள் ஐஸுக்குள் கிடந்த கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காத்து சரி. கையுறை?" என்றார் மேடம். இந்த அம்மாவுக்கு எவ்வளவு பொறுமை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொறுமை இல்லை, வேறு ஏதோ என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"வாரேன் மேடம். காத்தாவது பரவாயில்ல. அந்தத் தட்டு இருக்கே, அதுதான் என்னைப் பாடாப் படுத்திட்டு. நகத்தால பலகையில ஒரு தட்டு தட்டினா எங்க தெரு முழுக்க எல்லாரும் கதவைத் தொறக்காவ, யாரோ வந்திருக்காவன்னு. தொறந்தா ஒருத்தரும் இல்ல. மூடிட்டுப் போனா அடுத்த தட்டு. பன்னெண்டு தட்டு முடியதுக்குள்ள தபால்காரர், பால்காரர், பங்குச் சாமியார் எல்லாரும் வந்து தெருவுல நிக்காவ, எங்களைத்தான் கூப்பிட்டாவளோன்னு. எங்க தெரு கிளாராக்கா இருக்காவல்லா? அவுக வீட்டுக்காரர் சண்டை போட்டுக்கிட்டுக் கொல்லத்துக்கு மீன்படகு வேலைக்குப் போயிட்டாரு. நாலு வருசம் ஆளையே காணும். அன்னைக்கு நான் ஓங்கி ஒரு தட்டு தட்டுனேன். அவரு கொல்லத்துல கதவைத் தொறந்திட்டாரு. தொறந்தா வாசல்ல யாரும் இல்ல. மனுசனுக்கு மனசு கேக்கல. அப்படியே கிளம்பி வந்துட்டாரு."

"கொல்லம் வரைக்கும் கேட்டிச்சாக்கும்?" என்றாள் இசக்கியம்மாள்.

"லேசாத்தான் கேட்டிருக்கு. அதனாலதான் வந்து சேர ரெண்டு நாள் ஆயிட்டு."

கிளாராக்கா வீட்டுக்காரர் திரும்பி வந்தது உண்மை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதால் வந்தேன் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாது அண்ணனிடம் இதை எடுத்துச் சொன்னால், "வெக்கத்துல அப்படிச் சொல்லுதாரு" என்பார். அதனால் நான் சொல்லவில்லை.

"வாசிக்கது பெரிய காரியம் இல்ல மேடம்" என்று மச்சாது அண்ணன் குரலைத் தாழ்த்தினார். கை தானாக நெஞ்சுக்கு முன்னால் வந்து, இல்லாத கிட்டாரைப் பிடித்துக்கொண்டது. "பதிவு பண்ணுததுதான் காரியம். ஸ்டுடியோ எல்லாம் நமக்கு எங்க? போனை அரிசிப் பானை மேல சாத்தி வச்சு, கதவைச் சாத்தி, ஃபேனை நிப்பாட்டி உக்காருதேன். காக்கா கத்துது. அதை விரட்டிட்டு உக்காந்தா மீன்காரர் ஹாரன் அடிக்காரு. அவரு போனா குக்கர். ஒரு வீட்டுல நின்னா இன்னொரு வீடு. தெருவுல இருக்கது நாப்பது வீடு. எங்கன வச்சு எடுத்தாலும் நடுவுல ஒரு விசில். கடைசியில நான் என்ன பண்ணுனேன்? வீடு வீடாப் போயி குக்கருக்குத் தாளம் சொல்லிக் குடுத்தேன்."

"குக்கருக்கு" என்றார் மேடம்.

"குக்கருக்குத்தான். இந்த வாசிப்புல மூணு, ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டுல அழுத்தம் வரும். அந்தத் தட்டுல மட்டும் விசில் அடிக்கணும், மத்ததுல மூச்சு விடக் கூடாதுன்னு பழக்கினேன். ஒரே வாரம். தெரு முழுக்க மூணு, ஆறு, எட்டு, பத்து, பன்னெண்டுல விசில் அடிக்கி. அந்த மாசம் எந்த வீட்டுலயும் சோறு குழையல, பருப்பு அடி பிடிக்கல. பதிவுக்கு உக்காந்தேன். மூணு நிமிச உருப்படி. நாப்பது குக்கரும் எங்கூட வாசிக்கி. கடைசிச் சுத்து. கடைசித் தட்டு. அதுக்கு முந்துன தட்டுல ஒரு விசில், பதினொண்ணுல! போச்சு."

"யாரு வீட்டுல?" என்றாள் இசக்கியம்மாள்.

"உங்க வீட்டுலதாங்க்கா. கொண்டக்கடலை வச்சிருந்தீங்க." அவர் மேடத்தைப் பார்த்துத் திரும்பி, வருத்தத்தோடு சொன்னார்: "கொண்டக்கடலைக்குத் தாளம் ஏறாது மேடம்."

இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். அவள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் கொண்டைக்கடலைதான் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். மறுக்க முடியாமல் மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூடத் தெரிந்தது.

"அதுக்கப்புறம் ஊருக்குள்ள சரிப்படாதுன்னு உப்பளத்துக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். உப்பளத்துல அந்த நேரம் ஆள் இருக்க மாட்டாவ, காக்கா இருக்காது, ஒண்ணும் இருக்காது. பாத்தி ஓரமா போனை வச்சேன், வாசிச்சேன். எப்படி வாசிச்சேன்னு எனக்கே தெரியாது. கண்ணைத் தொறந்து பாத்தா பாத்தியில தண்ணியே இல்ல. அம்புட்டும் உப்பா விளைஞ்சு, நான் தட்டின தட்டுக்கு உப்பு தானா நடந்து வரப்புல ஏறி, குவியல் குவியலா உக்காந்திருக்கு. உப்பளத்துக்காரர் ஓடி வந்து என் காலைப் பிடிச்சிட்டாரு, தினமும் வாசிங்க அண்ணாச்சின்னு. நான் மாட்டேன்னுட்டேன். நாம கலைக்காக வாசிக்கோம், உப்புக்காக இல்ல."

"அந்தப் பதிவைப் போட்டுக் காட்டு, கேப்போம்" என்றாள் இசக்கியம்மாள். எங்கள் எல்லாருக்கும் வந்த கேள்வி அதுதான்.

"போன் தாங்கலக்கா. அந்த வாசிப்பு ஏறுனதும் போன் கனத்துப் போச்சு. சட்டைப் பையில வச்சா சட்டை கிழியுது. நம்ம கம்பெனித் தராசிலேயே எடை போட்டுப் பாத்தேன். வேணும்னா அமலோற்பவத்தைக் கேளுங்க, பக்கத்துல நின்னா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அமலோற்பவம் நான்தான். அவர் ஒரு நாள் காலையில் பொதி கட்டும் அறையில் தராசில் போனை வைத்துப் பார்த்தது உண்மை. தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நான் நினைத்தேன்.

"வச்சாரு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"பாத்தீங்களா? கடைசியில வேற வழி இல்லாம அழிச்சேன். அழிச்ச வேகத்துல போன் லேசாகி ரெண்டு அடி மேல எழும்பி உத்தரத்துல இடிச்சிட்டு. அதான் இந்த ஞாயித்துக்கிழமை திரும்ப எடுக்கணும் மேடம். இல்லைன்னா நான் ஏன் கெஞ்சப் போறேன்?"

பெல்சி மேடம் இவ்வளவு நேரமும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது மெதுவாகக் கேட்டார்: "அப்போ நகம் ரொம்ப உறுதியா இருக்கணுமே, அண்ணே?"

மற்ற யாராவது கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. மேடம் கேட்ட விதம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. மேசைக்கு அடியில் கால் நீட்டி மச்சாது அண்ணன் பூட்ஸில் ஓர் உதை உதைத்தேன். அவர் தாளம் போடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

"உறுதியா? என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? வாசிக்கும்போது கம்பி அறும், நகம் அறாது. முடி வெட்டுத கடையில போயி நகத்தை லேசா ராவி விடச் சொன்னேன். அவரு அரம் தேஞ்சு போச்சு. என் பொண்டாட்டி தேங்கா உடைக்கணும்னா அருவாளைத் தேட மாட்டா, என்னைத்தான் கூப்பிடுவா. பெருவிரல் நகத்தால ஒரு கோடு போட்டா ரெண்டு மூடியும் தானா விலகி நிக்கும். தண்ணிகூடச் சிந்தாது."

"தகரம்?" என்றார் மேடம்.

"பழைய எண்ணெய் டின்னை எல்லாம் நான் நகத்தாலதான் திறப்பேன். கேளுங்க, இதையும் சொல்லிருதேன். போன வாரம் நீங்க எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தீங்க. ஒரு கூடைக் கணவாய் கிடந்திச்சு. சும்மா நிக்கோமேன்னு கூடைக்கு மேல கையை வச்சு ஃபிளமென்கோ விரிப்பு ஒண்ணு விரிச்சேன். ஒரே விரிப்பு! ஓடு எல்லாம் ஒரு பக்கம், தோல் எல்லாம் ஒரு பக்கம், சதை நடுவுல அடுக்கு அடுக்கா. மைப் பை ஒண்ணுகூட உடையல."

"நாங்க திரும்பி வந்தப்ப கூடை அப்படியேதான கிடந்தது?" என்றேன். காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னேன்.

"அது அடுத்த கூடை, தங்கச்சி."

"கையுறை போட்டிருந்தீங்களா, அண்ணே?" என்றார் மேடம்.

"பின்ன? கையுறை போடாம மீனைத் தொட்டவன் இந்த மச்சாது இல்ல. சட்டம்னா சட்டம்தான மேடம்?"

"அந்தக் கையுறை என்ன ஆச்சு?"

இசக்கியம்மாள் இருமினாள். நான் மறுபடி உதைத்தேன். அவருக்குப் பக்கத்தில் நின்றவள் அவர் முதுகில் கிள்ளினாள். ஒன்றும் ஆகவில்லை மேடம் என்று சொல்லியிருக்கலாம். அப்படியே இருந்தது மேடம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும் பழக்கம் மச்சாது அண்ணனுக்குப் பிறவியிலேயே கிடையாது.

"கையுறையா? இந்த நகத்துக்கு முன்னால அதெல்லாம் ஒரு பொருளா மேடம்? பப்படம் மாதிரி..."

அங்கே நின்றுவிட்டார்.

மேடம் நகவெட்டியின் பிடியைத் திருப்பி விரித்தார். அதைப் பார்த்ததும் மச்சாது அண்ணன் வலது கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மேடம்" என்றார். குரல் வேறு மாதிரி வந்தது. "நான் சொன்னது அம்புட்டும் பொய்."

"எது?"

"எல்லாந்தான். காத்தும் இல்ல, கதவும் தொறக்கல. கிளாராக்கா வீட்டுக்காரர் தடைக்காலத்துக்குத்தான் வந்தாரு. இந்த நகம் ஒரு நகமே இல்ல மேடம். பாருங்க, பசையைத் தடவி மெல்லிசுப் பேப்பர் ஒட்டி, மேல மேலப் பூசி வச்சிருக்கேன். அதான் பளபளன்னு இருக்கு. ஆரஞ்சுப்பழம் உரிச்சா மடங்கிரும். வீட்டுல பால் கவரைக்கூட என் பொண்டாட்டிதான் வெட்டித் தருவா. இது கையுறையைக் கிழிக்கணும்னா கையுறை மனசு வச்சாத்தான் உண்டு."

"அந்த உப்பளத்துப் பதிவு?"

"பதிவே இல்ல. ஒண்ணுகூட இல்ல." அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு மேசையைப் பார்த்துப் பேசினார். "மூணு நிமிச உருப்படி. தனியா உக்காந்து வாசிச்சா முழுசா வருது மேடம். சத்தியமா வருது. போனை வச்சு அந்தச் சிவப்புப் பொட்டை அமுக்குன உடனே விரல் விறைச்சுப் போவுது. நடுவுல ஒரு இடம் இருக்கு. எப்பவும் அந்த இடத்துல போயி நின்னுருவேன். திரும்ப முதல்ல இருந்து. திரும்ப அதே இடம். காக்காவும் குக்கரும் என்ன பண்ணும் பாவம், தப்பு எங்கிட்டதான். எம்மவ ஜன்னலைச் சாத்திட்டு, 'அப்பா, போதும்பா'ங்கா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். யாருக்கும் போட்டுக் காட்டக்கூட வேண்டாம். ஒரு தடவை, முதல்ல இருந்து கடைசி வரைக்கும், தப்பில்லாம நான் வாசிச்சதை நான் கேக்கணும். நகம் இப்பத்தான் சரியான நீளத்துக்கு வந்திருக்கு. வெட்டிட்டா இனி எப்ப வளர? இந்த ஒரு ஞாயித்துக்கிழமை விடுங்க மேடம். திங்கக்கிழமை நானே வெட்டிட்டு வாரேன்."

இத்தனை வருசத்தில் அவர் தன்னைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இசக்கியம்மாள்கூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் மேடத்தைப் பார்த்தோம்.

பெல்சி மேடம் நிதானமாக யோசித்தார். அவர் நகவெட்டியைப் பார்த்தார், மச்சாது அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணே" என்றார். "அந்த ஃபேன், கொல்லம், குக்கர், உப்பு, தேங்கா, எல்லாத்தையும் நான் நம்பிட்டேன். இது ஒண்ணைத்தான் நம்ப முடியல. கையை நீட்டுங்க."

மச்சாது அண்ணன் எங்களைச் சுற்றிப் பார்த்தார், யாராவது சாட்சி சொல்வோமா என்று. என்னவென்று சொல்வது? இவர் சாதாரண ஆள்தான் மேடம், இவரால் எதுவுமே முடியாது என்று அவருக்கு முன்னால் நின்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் நாக்கு எழவில்லை.

அவர் கையை நீட்டினார். மேடம் பெருவிரலைப் பிடித்து, நகத்தின் ஓரத்தில் நகவெட்டியை வைத்தார். மச்சாது அண்ணன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்களைப் பார்த்தார்.

"எக்கா, எல்லாரும் காலைக் கொஞ்சம் இழுத்துக்கிடுங்க" என்றார். "மேல விழுந்தா பூட்ஸைத் துளைச்சிக்கிட்டுப் போயிரும்."

ஏழு பேரும் காலை இழுத்துக்கொண்டோம். பெல்சி மேடம் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு அவரும் ஓரடி தள்ளி நின்று, கையை எட்டி நீட்டி வெட்டினார்.